புதுப்பிப்பு: ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படம், மீட்டாச்சு

பாம்பன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தாத்தா பாட்டி கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பிரிக்கவே வேண்டாம் தம்பி, கண்ணாடியோடயே ஃபோட்டோ எடுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது. உப்புக்காற்றின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

சிஐஎஸ் வகை ஸ்கேனர் (தன் கண்ணாடிமேல் ஒட்டி இருப்பதை மட்டுமே தெளிவாக எடுக்கும் மெல்லிய வகை) இதற்கு ஆகாது. கண்ணாடித் தடிமன் அளவுக்குப் படம் விலகி நிற்பதால் மங்கலாகத்தான் விழும். மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் கேமராவை நேர் மேலே நிறுத்தி, இருபக்கமும் 45 டிகிரியில் எல்இடி விளக்கு வைத்தோம். விளக்குகளின் மேல் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), லென்ஸில் போலரைசர் ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பத் திருப்பக் கண்ணாடிப் பளபளப்பு அடங்கியது. எதிர்பாராதது: பாட்டியின் கூந்தல் பக்கம் நீலமாய் மின்னிய வெள்ளிப்படலமும் (படத்திலுள்ள வெள்ளி நாளடைவில் மேலே வந்து படிவது) கூடவே மறைந்து, பூச்சரம் தெளிவாகத் தெரிந்தது!

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில், ரா ஃபார்மட்டிலேயே (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். கலர் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பிரிக்கலாம். பழுப்புக் கறை நீலச் சேனலில் அப்பட்டமாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய இருக்காது. சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டதில் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பூஞ்சைப் புள்ளிகளைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், பக்கத்துப் பகுதியை வைத்துக் கறையை மறைக்கும் ஹீல் கருவியால், தனி லேயரில் (படத்தின்மேல் தனி அடுக்கில்) சரிசெய்தோம்.

ஏஐ முகச் சீரமைப்பு மட்டும் வேண்டாம். முகம் பளிச்சென்று வரும், ஆனால் அது நம் பாட்டியாக இருக்காது.

மறுபடி ஒட்டாமலிருக்க, புதுப் பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி இடைவெளி விடும் அட்டை) வைக்க ஃபிரேம் போடுபவரிடம் சொல்லுங்கள்.