கத்திரி வெயிலில் நாயை எங்கே வைப்பது?

சத்துவாச்சாரி அம்மா:
எங்கள் வீட்டில் புஜ்ஜி என்று ஒன்று இருக்கிறது. அப்பன் தெருநாய், ஆத்தாள் பொமரேனியன். முடி மட்டும் ஆத்தாள் பக்கம். கத்திரி தொடங்கியதிலிருந்து பகலெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசலிலேயே கிடக்கிறது.

வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் முதல் ஷிஃப்ட். இருட்டோடு ராணிப்பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அவரை அனுப்பி, வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி நிமிர்வதற்குள் மணி எட்டு. அப்புறம்தான் புஜ்ஜியை வெளியே கூட்டிப்போக முடிகிறது. தெருமுனை வரை ஒழுங்காக வரும். தார் ரோட்டைக் கண்டதும் உட்கார்ந்துவிடும், இழுத்தாலும் எழுந்திருக்காது. பதினொரு மணிக்கு மாமியார் கேழ்வரகுக் கூழ் கரைப்பார். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு சொம்பு. புஜ்ஜிக்கும் அதன் தட்டில் உண்டு. சோற்றை மோந்துவிட்டுப் போகிற நாய், கூழை மட்டும் வழித்து நக்கிவிடும்.

மதியம்தான் பிரச்சினை. டேங்க் தண்ணீர் டீ போடலாம் போல வருகிறது. ஃபேன் நன்றாக ஓடுவது கூடத்தில் மட்டும். அங்கே மாமியார் படுத்திருப்பார். நாயை உள்ளே விட்டால் முடி பறக்கிறது என்று அவர் திட்டுவார். வெளியே கட்டினால் பிள்ளைகள் இரண்டும் போய் அதனோடு வெயிலில் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடமும் லீவு. முடியை ஒரேயடியாக மொட்டையடித்துவிடலாமா?

காட்பாடி தாத்தா:
கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்காததை முதலில் சொல்கிறேன் அம்மா. அந்த வெங்காயத்தை இன்றோடு நிறுத்துங்கள். பச்சையோ வதக்கியதோ, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுத்து வரும், நாய் சுருண்டு படுத்துவிடும். இப்போதே ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வெங்காயம் தின்றதையும் சொல்லுங்கள். கூழ் கெடுதல் இல்லை. வெங்காயமும் உப்பும் போடுவதற்கு முன்பே அதன் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

மொட்டையடிக்க வேண்டாம். பொமரேனியன் வழிக்கு இரண்டு அடுக்கு முடி. அதுதான் வெயிலையும் தடுக்கிறது. தினமும் சீவி உதிர்கிற முடியை எடுத்தால் போதும், உங்கள் மாமியாரின் கோபமும் பாதி குறையும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சாதாரணமாகவே அதன் உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். 104ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் கெட்டியாக வடிந்து, தள்ளாடி நடந்தால் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, ஃபேன் அடியில் போட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எட்டு மணி நடை வேண்டாம். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. அது உட்காருவது அடம் இல்லை.

கோட்டைவாசி:
மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலைக்கு மரம்தான் வரக் காணோம். பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரி வரை அனலடிக்கிறது, அதனால் மாலை நடையையும் எட்டு மணிக்கு மேல் தள்ளிவையுங்கள். காலையில் உங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போகும்போதே புஜ்ஜியையும் கூட்டிக்கொண்டு நீங்களும் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாமே. வாசல் கொஞ்சம் தாமதமாகத் தெளித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் சமையலறை மூலையில் ஈரச் சாக்கு ஒன்று போட்டிருக்கிறோம். எங்கள் ராஜபாளையம் அதை விட்டு நகராது. தண்ணீரை மண் தொட்டியில் வையுங்கள், எவர்சில்வர் சீக்கிரம் சுடும்.

சத்துவாச்சாரி அம்மா:
ஈறு சிவப்பாகத்தான் இருக்கிறது. மாமியாரிடம் வெங்காயத்தைச் சொன்னேன். “எங்க ஊர்ல எத்தினி நாயிங்க கூழு குட்ச்சிதுங்க, இன்னா ஆச்சி?” என்றார். அவருக்குப் போளூர் பக்கம். ஆனால் இன்று பார்க்கிறேன், வெங்காயம் நறுக்குவதற்கு முன்பே அவரே ஒரு கரண்டி தட்டில் ஊற்றிவிட்டார். சாக்குக்கும் சம்மதம், கட்டிலுக்கு அந்தப் பக்கம் வரக்கூடாதாம். பையன் மாம்பழம் கொடுக்கிறானே, அது பரவாயில்லையா தாத்தா?

காட்பாடி தாத்தா:
தோலைச் சீவிவிட்டுச் சதை இரண்டு துண்டு கொடுக்கலாம். கொட்டையைக் கொடுக்கவே கூடாது, தொண்டையிலோ குடலிலோ மாட்டிக்கொள்ளும். பாயசத்தில் போடுகிற திராட்சையும் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைப் பையனிடமே சொல்லிவையுங்கள்.