ஸ்குவர்ட் ஃப்ளோ: கசிவோட்டமா, பீச்சோட்டமா, பிதுங்கோட்டமா?

அன்பின் குழுமத்தாருக்கு,

பாறைக்குள் திரவம் நகரும் ஒரு வகையான 'ஸ்குவர்ட் ஃப்ளோ'வுக்கு (squirt flow) தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் வந்த சொற்களில் 'கசிவோட்டம்' வேண்டாம் என்பது என் கட்சி. கசிவு என்றால் அணைக்கட்டின் அடியிலும் கிணற்றுச் சுவரிலும் நாட்கணக்கில் ஊறுவது. இங்கே நடப்பது வேறு. நிலநடுக்க அலை பாறையை அமுக்கும்போது மெல்லிய வெடிப்பு எளிதில் நெரிபடும். பக்கத்து உருண்டைத் துளை அவ்வளவாக நெரியாது. வெடிப்பிலுள்ள திரவம் துளைக்குள் பிதுங்கும், அமுக்கம் தளர்ந்ததும் திரும்பும். இந்தப் போக்குவரத்தில்தான் அலையின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. அலை மிக விரைவாக அதிர்ந்தால் திரவத்துக்கு வெளியேற நேரமிராது. வெடிப்பு விறைத்து நிற்கும், அலைவேகம் கூடும். மிக விரைவாக அதிரும் ஆய்வுகூட அல்ட்ராசவுண்டில் அளந்த வேகத்தை அப்படியே களத்துக்குக் கொண்டுபோக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'பீச்சோட்டம்' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பீச்சல் என்றால் ஊரில் வயிற்றுப்போக்கு. வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!

'நீர்ப்பிதுக்கம்' என்றவருக்கு: நீரைச் சொல்லோடு கட்டிவிட வேண்டாம் ஐயா. புவியியற்பியலாளர்கள் மாவ்கோவும் நூரும் (Mavko, Nur) 1975இல் இதை எழுதியதே புவியின் ஆழத்தில் பகுதி உருகிய பாறையைப் பற்றி. எண்ணெய்க்கும் இதே பொறிமுறைதான். ஆகவே 'பிதுங்கோட்டம்' என்கிறேன்.

இதையும் இயற்பியலாளர் பியோவின் (Biot) 1956ஆம் ஆண்டுக் கோட்பாட்டு ஓட்டத்தையும் சேர்த்துத் 'துளையோட்டம்' எனலாம் என்ற சென்னை நண்பரின் யோசனைதான் எனக்குப் பயம். பியோ சொல்வது, திரவம் மொத்தமாகப் பாறைச் சட்டகத்துக்குப் பின்தங்கி அசைவதை. திரவத்தின் பாகுத்தன்மை கூடக்கூட, பியோ ஓட்டத்தின் பண்பு மீடிறன் (தமிழ்நாட்டில் அதிர்வெண்; அலை மிக அதிகமாகத் தணியும் மீடிறன் இது) ஏறும், பிதுங்கோட்டத்தினது இறங்கும். ஒன்றுக்கொன்று நேரெதிர்! ஒரே பெயர் வைத்தால் மாணவர் தடித்த எண்ணெய்ப் பாறைக்குத் தலைகீழாகக் கணக்குப் போடுவார்.

கொழும்பிலிருந்து பார்த்தால் 'துளை' என்பதும் இடறுகிறது. வண்டலுக்கும் செம்புறைக்கல்லுக்கும் கீழே இங்கே கிடப்பது துளை குறைந்த நைஸ் (gneiss) பாறை. தீவின் பெரும்பகுதி அப்படிப்பட்ட, கேம்பிரியனுக்கு முந்திய உருமாறிய பாறை. குழாய்க்கிணற்றுக்காரர் தேடுவது வெடிப்பைத்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வேறு கதை.

கூட்டுச்சொல்லாகவும் ஓட்டிப் பார்த்தேன்: பிதுங்கோட்டத் தணிவு, பிதுங்கோட்ட மீடிறன். நாவுக்கு இடைஞ்சலில்லை. வெடிப்பா முறிவா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

வெள்ளவத்தையிலிருந்து,
அன்புடன்