இறக்கத்தில் ஓடினால் பெருவிரல் நகம் கறுக்கிறது, வழி சொல்லுங்கள்

நான்கு ஆண்டுகளாகத் தார்ச்சாலையில் 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓடியவன் நான். ஜூன் முதல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் மண்பாதைகளில்தான் ஓடுகிறேன். சில்வர் ஓக் சருகு காலடியில் நொறுங்கும் சத்தத்துக்குப் பழகியபின் சாலைக்குத் திரும்ப மனமே வரவில்லை.

சிக்கல் இறக்கத்தில்தான். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் பெருவிரல்கள் ஷூவின் முனையில் இடிக்கின்றன. வலது நகம் கறுத்து, அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. சமதளத்தில் வலியே இல்லை.

சாலை ஓட்டத்துக்கான ஷூ, 9ஆம் எண். நகத்தை ஒட்ட வெட்டினேன். மெல்லிய சாக்ஸுக்கு மாறினேன். நாடாவைக் கடைசித் துளைவரை கோத்து இறுக்கினேன். அரை எண் பெரியதும் வாங்கிப் பார்த்தேன், குதிகால் நழுவிக் கொப்புளம் வந்துவிட்டது.

முதலில் எதை மாற்ற வேண்டும்: முன்பகுதி அகன்ற மலைப்பாதை ஷூவா, இறக்கத்தில் நான் காலடி வைக்கும் முறையா?