சர்வீஸ் முடிந்த மூன்றாம் நாள் தரையில் சிவப்புச் சொட்டு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கசிவு, உங்கள் அனுபவம் என்ன?

என் வண்டி 2010 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. கியர் ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதே என்று போன மாதம் பக்கத்திலுள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டேன் (பெயர் வேண்டாம், நல்ல பசங்கதான்). மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன மனைவி, "யாரோ வெத்தல போட்டு நம்ம போர்டிகோவுல துப்பிட்டுப் போயிருக்காங்க" என்று சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நாணயம் அளவில் மூன்று சிவப்புப் பொட்டு. விரலால் தொட்டால் வழவழவென்று இருந்தது.

இந்த மாடலில் பவர் ஸ்டியரிங் எலக்ட்ரிக், அதில் ஆயிலே கிடையாது. அதனால் சிவப்பு என்றால் கியர்பாக்ஸ்தான், குழப்பமில்லை. ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதன் டப்பாவை முதலில் பாருங்கள், பல வண்டிகளில் அதிலும் இதே சிவப்பு ஆயில்தான் ஊற்றியிருப்பார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ராம்ப்பில் ஏற்றினார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் நல்ல ஈரம். "சார், முன்பக்க சீல் போயிருச்சு. பழைய வண்டியில புது ஆயில் ஊத்துனா இப்படித்தான் ஆகும். கியர்பாக்ஸ இறக்கணும், இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்றார் அங்கிருந்தவர். சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) என்னவோ சில நூறு ரூபாய்தான், இறக்கி ஏற்றும் கூலிதான் மீதி. அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பல வருஷச் சூட்டில் ரப்பர் சீல் இறுகிப்போயிருக்கும். ஆனால் மூன்று நாள் முன்பு வரை காய்ந்து கிடந்த இடம், கை வைத்த பிறகு நனைகிறது என்றால் கை வைத்த இடங்களை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி பில்லை எடுத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. ஆயில் 4 லிட்டர் என்று போட்டிருந்தது. இந்த கியர்பாக்ஸில் டிரெயின் போல்ட்டை (அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்) கழற்றினால் வெளியே வருவதே சுமார் 2.5 லிட்டர்தான், மீதி ஆயில் டார்க் கன்வர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ளே உள்ள வழிகளிலும் தங்கிவிடும். மறுநாள் ஆயில் மாற்றிய பையனுக்கு போன் போட்டேன்.

"தம்பி, நாலு லிட்டரும் உள்ள போயிருக்கா?"

"ஆமாண்ணே, ஸ்டிக்ல லெவலே ஏறல, ஏறுற வரைக்கும் ஊத்துனோம்."

"எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓட விட்டுத்தானண்ணே பாக்கணும், ஆட்டோமேட்டிக் ஆச்சே."

இங்கேதான் விஷயம் (ஸ்டிக் என்றால் ஆயில் அளவு பார்க்கும் கம்பி). டொயோட்டா மாதிரிப் பல வண்டிகளில் எஞ்சினை ஓடவிட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். ஹோண்டாவின் இந்த கியர்பாக்ஸில் அப்படியில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கணும், வண்டி சமதரையில் இருக்கணும், எஞ்சினை அணைத்து ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் ஸ்டிக்கை உருவிப் பார்க்கணும். ஓடும்போது பம்ப் ஆயிலை மேலே இழுத்து வைத்திருப்பதால் ஸ்டிக்கில் குறைவாகத்தான் தெரியும். குறைகிறதே என்று ஊற்ற ஊற்ற, உள்ளே கூடிப்போன ஆயிலைப் பல்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை மேலே உள்ள பிரீதர் (காற்று போய்வரும் துளை) வழியாகப் பொங்கி வெளியே வரும். பால் பொங்குவது மாதிரிதான்.

அதை நிச்சயப்படுத்திக்கொள்ள கியர்பாக்ஸ் வெளிப்புறத்தை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, காய்ந்ததும் வீட்டிலிருந்த கோகுல் சாண்டல் பவுடரை மேலே இருந்து கீழே வரை தூவினேன் (மனைவி முறைத்தார்). பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் பிரீதர் முனையிலிருந்து சிவப்பாக ஒரு கோடு, உடம்பை ஒட்டியே வழிந்து, சீலுக்கு நேர் அடியில் போய்ச் சொட்டாக நிற்கிறது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு சீல் போனதாகத்தான் தோன்றும். ஆயில் எப்போதும் கீழேயும் பின்னாலும்தான் ஓடும், அதனால் ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று தேடுங்கள்.

அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்) ஆயிலை இறக்கினேன். டிரெயின் போல்ட்டுக்கு சாக்கெட்டே வேண்டாம், ராட்செட்டின் சதுர முனை நேராக உள்ளே உட்காரும். அளவு போட்ட வாளியில் பிடித்தால் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. போல்ட்டின் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறக் குழம்பு. அது சகஜம், உலோகச் சில்லு இருந்தால்தான் கவலை. ஆனால் அலுமினிய வாஷரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நசுங்கி, ஒரு ஓரம் கீறி, பழைய வாஷரையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். புது வாஷர் போட்டு, 2.5 லிட்டர் ஊற்றி, முறைப்படி அளவு பார்த்தேன். ஸ்டிக்கில் இரண்டு குறிக்கும் நடுவில் நின்றது. அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தேன். இன்றோடு பதினெட்டு நாள், ஒரு சொட்டு இல்லை.

—

மறுமொழி, சேலம்:
எனக்கு 2006 கரோலா. அடியில் உள்ள ஆயில் பேனை (ஆயில் தேங்கும் தட்டு) கழற்றி ஃபில்டர் மாற்றினார்கள், ஒரு வாரத்தில் பேன் ஓரமெல்லாம் வியர்வை மாதிரி ஈரம். சொட்டுகிறது என்று சொன்னால் இன்னும் இறுக்கினார்கள், இறுக்க இறுக்க ஒழுகல் கூடியது. அந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு பத்து நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்குதான், சக்கர நட் மாதிரி இறுக்கினால் தகட்டு விளிம்பு ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் அடைப்பு) அழுந்தாமல் போய்விடும். பேனை இறக்கி விளிம்பைச் சமமான இரும்பு மேல் வைத்துத் தட்டி நேராக்கி, ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் துணுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நின்றது.

—

மறுமொழி, கிள்ளான், மலேசியா:
இங்கே புரோட்டோன் வீரா ஆட்டோ. ரேடியேட்டர் கழுவினதோடு ஆரம்பித்த வினை. கியர் ஆயில் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போய் வரும் இரண்டு ரப்பர் குழாயையும் பொமென் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம்) கழற்றிப் பழைய கிளிப்பையே மாட்டிவிட்டார். நிற்கும்போது ஒரு சொட்டு வராது, எஞ்சின் ஓடினால்தான் கசியும், காற்று அடித்து கியர்பாக்ஸ் முழுக்க நனைந்திருக்கும். இருபது வருஷக் குழாய் கல் மாதிரி இறுகிவிட்டது, ஒரு தரம் உருவினால் பிறகு பிடிக்காது. குழாய், கிளிப் இரண்டும் புதிதாகப் போட்டேன், முடிந்தது. இன்னொன்று: தரையில் ஒன்றுமில்லாமல் ஆயில் மட்டும் குறைந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சிராப் பண்டுங் நிறத்தில், உங்கள் ஊர்க் கணக்கில் ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள்ளேயே இரண்டும் கலந்துவிட்டது, அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

—

மறுமொழி, நாகர்கோவில்:
எங்க வண்டி தினம் ஓடினா சொட்டாது, ஊருக்குப் போய் ரெண்டு வாரம் நிறுத்திட்டு வந்தா தரையில் குட்டை. சர்வீஸுக்கு அப்புறம்தான் இப்படி. கூடுதலா ஊத்திட்டாங்களா?

—

முதல் பதிவு எழுதியவர்:
அதையும் அளந்து பாருங்க. ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, நிற்கும்போது டார்க் கன்வர்ட்டரில் உள்ள ஆயில் மெதுவா கீழே இறங்கி பேனில் மட்டம் ஏறுது, வழக்கமா ஆயிலுக்கு மேலே இருக்கிற ஏதோ ஒரு சீல் அப்போ மூழ்கிடுது. கியர் லீவர் கம்பி உள்ளே போற இடத்துச் சின்ன சீலைச் சந்தேகப்படுவேன். பல வண்டிகளில் அது வெளியே இருந்தே மாற்றக்கூடியதுதான். கியர்பாக்ஸை இறக்கணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொன்னார்கள் என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கூடுதலாக இருந்த ஒன்றரை லிட்டரை பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். பையன் தலையைச் சொறிந்தான். பணம் திரும்ப வரவில்லை. புது வாஷர் ரெண்டு ஓசியில் கொடுத்தான்.