திரையில் தமிழ் தெரியாமல் போன நேரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வன்னிமகள்

அப்பா 2003இல் வவுனியாவில் இருந்து போட்ட மின்னஞ்சல்கள் இன்னமும் என் கணக்கில் இருக்கின்றன. கொம்யூனிகேஷன் கடையில் இருந்து, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், ஒற்றை விரலால் தானே அடித்து அனுப்புவார். அப்போது டொரொன்டோவில் என் கணினியிலும் பாமினி இருந்ததால் வாசிக்க ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. போன வருடம் அப்பா காலமானார். அந்தியேட்டி முடிந்த இரவு, படுத்தபடியே போனில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரித் தொடங்கியது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நாலைந்து கடிதம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. எம் என்றால் அ, கே என்றால் ம, அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி, எச் என்றால் அரவு, அதாவது துணைக்கால். அம்மா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாமல் அந்த ஐந்து குறியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மேலூர்த் தம்பி

அக்கா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2011, புனேவில் விடுதி, என் போனில் தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். சீனியர் அண்ணன் ஒருவர் போனை வாங்கி, ஆபரா மினி என்ற உலாவியில் முகவரி அடிக்கும் இடத்தில் 'ஆபரா:கான்ஃபிக்' என்று போட்டு, கீழே இறங்கிப்போய், பிட்மேப் எழுத்துரு என்ற வரியில் 'நோ'வை 'யெஸ்' ஆக்கிக் கொடுத்தார் (அந்தக் காலத்தில் இதைச் செய்யாத தமிழ்ப் பையன் உண்டா?). பக்கத்தை மறுபடி ஏற்றினேன். எழுத்தையெல்லாம் அவர்கள் சர்வரிலேயே படமாக்கி அனுப்புவதால் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் முதலில் வந்த வரி, மேலூர் பக்கம் நேற்று இரவு நல்ல மழை என்று. நாலு மாதமாக ஊர்ச் சேதியைத் தமிழில் படிக்காதவன், அந்த ஒரு வரியை மூன்று தடவை சத்தமாகப் படித்தேன்.

கணிப்பொறிக் கந்தன்

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். தம்பிக்கு வந்தது எழுத்துரு இல்லாத குறை, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் தரும் யூனிகோட் சரியாகவே இருந்திருக்கிறது, வரைந்துகாட்டத்தான் ஆள் இல்லை. அக்காவுடையது அப்படியல்ல, அந்த மின்னஞ்சலுக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு பாமினி தமிழ் முகம் மாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது இரண்டையும்விட மோசம். எங்கள் சிற்றிதழ்த் தளத்தை 2010இல் வேறு சர்வருக்கு மாற்றியபோது தரவுத்தளம், தமிழுக்கு இடமே இல்லாத லத்தீன்-1 என்ற குறியேற்றம் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) வழியாகப் போய்வந்து, ஆறு வருட வாசகர் கடிதங்கள் மொத்தமும் கேள்விக்குறி ஆகிவிட்டன. ஒரு கடிதத்தில் வரிசையாகப் பதினேழு கேள்விக்குறி, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. அந்த ஆச்சரியக்குறி மட்டும்தான் எழுதியவர் போட்டது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், முதலில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். கட்டம் வந்தால் எழுத்துரு போட்டால் போதும், நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ-யும் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர்-உம் திரும்பத் திரும்ப வந்தால் பயப்படவே வேண்டாம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், பெரும்பாலானவற்றுக்கு முதல் இரண்டும் ஒன்றேதான், அதைத் தப்பான குறியேற்றத்தில் படித்தால் இந்த ஜோடிதான் வரும், சரியான குறியேற்றத்தில் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். சேமிப்பில் கேள்விக்குறியாகவே பதிந்துவிட்டால் பழைய பேக்கப் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் பாமினிக் கடிதங்களை யூனிகோடாக்கித் தரும் மாற்றியில் போடும் முன் காற்புள்ளிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அழித்துவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளி என்பது 'இ'.

சுவடி

கந்தன் அண்ணா, எழுத்துரு போட்டால் போதும் என்று அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். நான் வேலை பார்த்த பள்ளியின் முகப்புப் பக்கத்தில் யூனிகோட் சரி, எழுத்துருவும் சரி. வடிவமைத்தவர் ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த வரி உயரத்தையே தமிழுக்கும் விட்டுவிட்டு, பெட்டிக்கு வெளியே நீளுவதை மறைக்கவும் சொல்லியிருந்தார். 'கல்வி' என்ற சொல்லில் மேல்விளிம்பு சீவப்பட்டு, ல் மேல் இருந்த புள்ளி போய்விட்டது. வி-யின் கொக்கி பாதி தெரிந்தது. மிச்சம் என்ன சொல் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பெற்றோர் ஒருவர் போனில் காட்டியபோது எதிரே நின்ற எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வரி உயரத்தை 1.1இலிருந்து 1.6 ஆக்கியதும் புள்ளி வந்துவிட்டது. தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும், ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் என்பதை அவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நூலகத்துக்காரர்

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் ஏமாந்த கதை என்னுடையது. பட்டியலில் 'ஔவையார்' என்று தேடிய மாணவிக்கு ஒரு புத்தகமும் வரவில்லை, அலமாரியிலோ ஒன்பது இருக்கின்றன. பதிவு செய்தவர் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டாக அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும், கணினிக்கு வேறு வேறு சொல். அந்தப் பிள்ளை அதற்குள் கிளம்பிப் போய்விட்டாள்.

வன்னிமகள்

கந்தன் அண்ணா, காற்புள்ளி விஷயத்துக்கு நன்றி, நான் அழிக்கத்தான் இருந்தேன். நேற்று இணையத்தில் இருக்கும் ஒரு மாற்றியில் போட்டுப் பதினொரு கடிதம் வாசித்துவிட்டேன். ஒன்றில் 'அம்மா, எளைய கிடைச்சதோ' என்று இருந்தது. எளைய என்றால் என்ன, எங்கள் ஊர்ப் பழைய சொல்லோ என்று அம்மாவிடமே கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பிறகு மாற்றாத கடிதத்தைத் திறந்து அதே இடத்தைப் பார்த்தேன். வி, ஐ, எஸ், ஏ. அந்த ஒரு சொல்லை மட்டும் அப்பா ஆங்கிலத்திலேயே அடித்திருக்கிறார், மாற்றி அதையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு தமிழாக்கிவிட்டது. விசா கிடைச்சதோ என்று கேட்டிருக்கிறார். அடுத்த மூன்று கடிதத்திலும் அதே கேள்வி இருக்கிறது.