1999 வர்த்தகப் பிரிவு: 16 பேர் கிடைத்தாச்சு, ஒருத்தி பாக்கி

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

1999இல் உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் வர்த்தகப் பிரிவு ஆட்கள் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்லித் தலைவர் அண்ணன் மூன்று மாதமாக விடாமல் கேட்கிறார். எழுத உட்கார்ந்தால் ஒருத்தி, "என் பேரைப் போடாதே, மாமியார் வீட்டிலும் இந்த மடலை வாசிக்கிறார்கள்" என்றாள். சரி, யார் பேரும் வேண்டாம். வகுப்பில் இருந்தவர்களுக்கு ஆள் தெரியும்.

முதலில் முன் வாங்கில் இருந்த கணக்குப் புலி. கொழும்பில் தேயிலைத் தரகுக் கம்பனி ஒன்றில் ருசி பார்க்கிறான். நாள் முழுக்க உறிஞ்சுவதும் துப்புவதும்தான் வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்! ஏலம் 2020 கொரோனாவோடு கணினிக்குப் போய்விட்டதால் சுத்தியல் சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கிறதாம். அவனுடைய அம்மா தோட்டத்தின் மேல் கணக்கில் (மேல் பிரிவில்) 31 வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு நாள் அம்மாவைக் கூட்டிப் போய் வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளைக் காட்டியிருக்கிறான். அவர் கோப்பைப் பக்கமே போகவில்லை. தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்துவிட்டு, "இது மழைக் கொழுந்துடா" என்றாராம். சனவரியிலிருந்து மார்ச் வரை பனியும் காய்ந்த காற்றுமாக இருக்கும்போது வருகிற நம் பக்கத்துத் தூளுக்குத்தான் நல்ல விலை என்று இவன் பரீட்சைக்குப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் மூக்கிலேயே வைத்திருக்கிறார்.

வங்கியில் உதவி முகாமையாளராக இருந்தவன் இப்போது லெஸ்டரில். மனைவிக்குப் பராமரிப்பு வேலை விசா, இவனுக்குக் கிடங்கில் இரவு வேலை. "இதை எழுதலாமா?" என்று தயங்கித்தான் கேட்டேன். "தாராளமா எழுது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதற்கு நானா பொறுப்பு?" என்றான். மகள் அங்கே கணக்கில் முதலாம் ஆளாம்.

அட்டனில் கடை வைத்திருப்பவனைக் கேட்கவே வேண்டாம். டிசம்பரில் உந்துவப் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க நேரமில்லை. கம்பளித் தொப்பி விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டான். பாரிசில் இருவர், தோகாவில் மூவர், மெல்பேர்னில் ஒருத்தி. பன்னிரண்டு வருடம் கழித்து இரட்டைப் பிள்ளை பெற்றவள் அவள்தான். நான் பிராம்டனில் ஒரு லொறிக் கம்பனியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் சுகமாக இருக்கிறார்கள்.

ஊரிலேயே இருந்துவிட்டவளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மடல்களில் பிளேன் ஏறியவர்களைத்தான் முதலில் எழுதுவோம், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நாங்கள் படித்த அதே வகுப்பறையில் அவள் கணக்கீடு படிப்பிக்கிறாள். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அம்மாவின் சம்பளத் துண்டைக் கொண்டு வாங்க" என்பாளாம். ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், கம்பனி போடுவது 12. அப்புறம் சங்கச் சந்தா, அட்வான்ஸ், தேயிலைத் தூள், கோயில் காசு. கழிவெல்லாம் போய் மிஞ்சுவது எவ்வளவு என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பையன் அம்மாவின் துண்டில் இரண்டு நாள் பேர் (வேலைக்கு வந்த நாள் கணக்கு) குறைவதைக் கண்டுபிடித்தான். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றார்கள், அடுத்த மாதம் அந்தக் காசு வந்தது. அந்தப் பையன் இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறான்.

ஆக 16 பேர். பரீட்சை மீதியில், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டிய பட்டியலில், 10 சதம் இடித்தாலும் எங்கள் சேர் விடமாட்டார். "தொங்கல் கணக்கில் போடு, ஆனால் தேடுறதை நிறுத்தாதே" என்பார். காரணம் தெரியும்வரை வித்தியாசத்தைப் போட்டு வைக்கிற கணக்கு அது. எங்கள் தொங்கல் கணக்கில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

கீழ்க் கணக்கிலிருந்து நோர்வூட் பஸ்ஸில் வருவாளே, குடை இல்லாமல் தேயிலைப் பை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள்தான். பெறுபேறு வந்த அன்று பாடசாலைக்கு வரவில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நான்கு பாடமும் சித்தி, கணக்கீட்டில் ஏ. அவளுக்கு அது தெரியுமா என்பதே எங்களுக்குத் தெரியாது. சேர் ஓய்வு பெறும்போது அந்தப் பெறுபேற்றுச் சீட்டை ஊரில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். உறை பழுப்பேறிவிட்டது, சீட்டு நன்றாக இருக்கிறதாம்.

அவர்கள் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) பாலத்துக்கு மேலே இரண்டாவது, கோடிக் காம்பரா (கடைசி அறை). தம்பி ஒருவன் குவைத்துக்குப் போனதாக ஞாபகம். கீழ்க் கணக்குக்காரர் யாராவது இதை வாசித்தால் எனக்குத் தனி மடல் போடுங்கள்.