வீணைக்கு மேளம் கட்ட, அதாவது சுரம் பிடிக்கும் உலோகக் கட்டைகளை (மெட்டுகளை) மெழுகில் பதித்துச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். அம்மம்மாவின் தஞ்சாவூர் வீணை கோண்டாவிலில் எங்கள் வீட்டில் இருக்கிறது. உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் பலாமரம். இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை. பிரச்சினை மெழுகில்தான். இந்தச் சித்திரை வெயிலுக்கு மெழுகு இளகி, 24 மெட்டுகளில் குடத்துப் பக்கம் உள்ள ஐந்தாறு சரிந்துவிட்டன. முதல் தந்தியான சாரணியை அந்த இடத்தில் அழுத்தினால் நாதத்துக்குப் பதிலாகக் கரகரப்புத்தான் வருகிறது.

முன்பு ஒருவர் மெழுகுதிரியை உருக்கி ஊற்றித் தந்தார். அதுதான் வினையாகிவிட்டது என்று நினைக்கிறேன். தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துப் பதமாகக் காய்ச்சி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, மீட்டிக் காதால் கேட்டுச் சுருதி சேர்க்கிற ஆள் வேண்டும்.

இணுவில், மருதனார்மடம் பக்கம் இசை படித்தவர்களுக்கு அப்படி யாரையாவது தெரிந்திருக்கும். வீணையை எங்கே என்றாலும் கொண்டுவருவேன். ஆனால் தண்டியின் நுனியில் உள்ள யாழி முகத்தில் பழைய வர்ணம் அப்படியே இருக்கிறது, அதைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டாம். அம்மம்மா தினமும் துணியால் துடைத்து வைத்திருந்த முகம் அது.

மகள் இதில்தான் சரளி வரிசை பழகுகிறாள். தெரிந்தவர்கள் தயவுசெய்து உள்பெட்டியில் சொல்லுங்கள்.